ஆன்டிமேட்டர் எஞ்சின்: விலையை ஒதுக்கிவிட்டால் எங்கே இடிக்கிறது?

வால்நட்சத்திரம்:

வணக்கம். ஆன்டிமேட்டரை (எதிர்ப்பொருள்; சாதாரணப் பொருளோடு சேர்ந்தால் இரண்டும் அழிந்து ஆற்றலாகிவிடும்) விண்கலத்துக்குப் பயன்படுத்துவது பற்றிப் படிப்பதெல்லாம் இரண்டே வகையாக இருக்கிறது. ஒன்று, 'சில மில்லிகிராம் இருந்தால் செவ்வாய்க்குப் போகலாம்'. மற்றது, 'ஒரு கிராம் 62.5 லட்சம் கோடி டாலர், ஆகவே பேச்சே வேண்டாம்'. அந்த விலை 1999-இல் நாசா தரப்பில் சொல்லப்பட்ட மதிப்பீடு. விலையை மறந்துவிட்டுப் பொறியியலை மட்டும் கேட்கிறேன்.

கணக்குக்கு ஒரு கலம்: உந்துபொருள் தீர்ந்தபின் எஞ்சும் எடை 10 டன். புவிச் சுற்றுப்பாதையிலிருந்து நொடிக்கு 10 கி.மீ. வேக மாற்றம் வேண்டும்.

1. எவ்வளவு ஆன்டிபுரோட்டான் (புரோட்டானின் எதிர்ப்பொருள் வடிவம்) தேவை? இன்றைய உற்பத்தி அதற்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?
2. அதை எதில் அடைத்துக் கொண்டுபோவது?
3. எந்த வகை எஞ்சின்?

'போதாது' என்று மட்டும் சொல்லாமல் எண்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஊசிமுனை:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இந்த வேகத்துக்கு ஆன்டிமேட்டரை நேரடியாக எரித்து ஊதுவது வீண். ஹைட்ரஜன் மாதிரி ஏதாவது உந்துபொருளைச் சூடாக்கி வெளியே தள்ளுவதே சிக்கனம். உந்துபொருளைக் கூட்டினால் ஆன்டிமேட்டர் குறையும். மிகையாகக் கூட்டினால் உந்துபொருளைச் சுமக்கவே சக்தி போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு உகந்த புள்ளி உண்டு. ஒளிவேகத்துக்கு வெகு கீழே இருக்கும்வரை அது எல்லாப் பயணத்துக்கும் ஒன்றேதான்: கிளம்பும் எடை, எஞ்சும் எடையைப் போல 4.9 மடங்கு; வெளியேறு வேகம் (உந்துபொருள் பின்னால் பாயும் வேகம்), வேண்டிய வேக மாற்றத்தில் 0.63 பங்கு.

உங்கள் கலத்துக்கு 39 டன் உந்துபொருள், வெளியேறு வேகம் நொடிக்கு 6.3 கி.மீ. அந்த வாயுவின் இயக்க ஆற்றல் சுமார் 770 கிகாஜூல். ஒரு மில்லிகிராம் ஆன்டிமேட்டர், அதே அளவு சாதாரணப் பொருளோடு சேர்ந்து அழிந்தால் 180 கிகாஜூல் வரும். ஆக இழப்பே இல்லாவிட்டால் 4.3 மில்லிகிராம் போதும். காமா கதிராகவும், எதிலும் நிற்காத நியூட்ரினோ துகளாகவும் தப்பிப்போவதைச் சேர்த்தால் பத்துப் பதினைந்து மில்லிகிராம் என்று வையுங்கள்.

இப்போது உற்பத்தி. ஜெனீவாவில் செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தின் ஆன்டிபுரோட்டான் டிசெலரேட்டர் இப்படி வேலை செய்கிறது: 26 கிகா எலக்ட்ரான்வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) புரோட்டான்கள், ஒரு துடிப்புக்கு சுமார் 1.5 × 10¹³, ஒரு இரிடியம் கம்பியில் மோதுகின்றன. சிதறும் குப்பையிலிருந்து காந்தக் கொம்பு ஒன்று ஆன்டிபுரோட்டான்களைக் குவித்து வளையத்துக்குள் அனுப்பும். வளையத்தில் குளிர்வித்து, வேகம் குறைத்து முடியும்போது மிஞ்சுவது சுமார் 3 கோடி. இந்தச் சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஆண்டுக்கு 1 கோடி நொடி ஓடுவதாக வைத்தால் 3 லட்சம் கோடிக்கு மேல் வராது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. எடை 5 பிகோகிராம்தான். அந்த 4.3 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 86 கோடி ஆண்டு.

ஆற்றல் கணக்கு இதைவிடச் சுவையானது. துடிப்பு ஒன்றில் புரோட்டான் கற்றை சுமப்பது 62 கிலோஜூல். கிடைத்த 3 கோடி ஆன்டிபுரோட்டானும் அழிந்தால் வருவது 9 மில்லிஜூல். கற்றைக்குள் போட்டதில் 70 லட்சத்தில் ஒரு பங்கு. முடுக்கியை இயக்கும் மின்சாரமும் காந்தங்களும் இதில் சேரவில்லை. இந்த விகிதத்தில் உங்கள் 4.3 மில்லிகிராமைச் செய்யக் கற்றைக்கு மட்டுமே 1.5 லட்சம் கோடி யூனிட் வேண்டும். இந்தியா ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு மேல்.

செர்ன் கருவி ஆராய்ச்சிக்குக் கட்டியது, தொழிற்சாலை அல்ல. உற்பத்திக்கென்றே ஒன்றைக் கட்டி, சிதறும் கோணம் முழுவதையும் பிடிக்கிற மாதிரி செய்து, 10,000-இல் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது என்று தாராளமாகவே வைப்போம். 1,000 மெகாவாட் நிலையம் ஒன்று மூன்று மாதம் ஓடினால் உங்கள் சரக்கு தயார். இயற்பியல் விதி எதுவும் இதைத் தடுக்கவில்லை. ஆகவே உற்பத்தியை 'முடியவே முடியாது' என்ற பட்டியலில் நான் சேர்க்க மாட்டேன். ஆனால் ஆன்டிமேட்டரை ஆற்றல் மூலம் என்று சொல்வது மட்டும் தப்பு. தோண்டி எடுக்கச் சுரங்கம் எங்கும் கிடையாது. நாம் போட்ட மின்சாரத்தில் ஒரு துளியைத் திருப்பித் தரும் சேமிப்பு, அவ்வளவே.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். அதே 770 கிகாஜூல், 9.4 கிராம் யுரேனியம்-235 பிளந்தாலே வந்துவிடும்.

---

குளிர்பொறி:

உற்பத்தி பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். உண்மையில் கழுத்தைப் பிடிப்பது இரண்டாவது கேள்வி.

மின்னூட்டம் கொண்ட துகள்களை அடைக்க நம்மிடம் இருப்பது பென்னிங் பொறி. அச்சுவாக்கில் வலுவான காந்தப்புலம், இரு முனையிலும் மின்னழுத்தத் தடுப்பு. துகள் காந்தக்கோட்டைச் சுற்றிச் சுழலும், முனைகளில் திரும்பிவிடும். ஒன்றிரண்டு துகளுக்கு இது அற்புதமான கருவி. செர்னில் பேஸ் குழு ஆன்டிபுரோட்டான்களை 405 நாள் வைத்திருந்திருக்கிறது. பொறியை ஹீலியத்தால் 4 கெல்வினுக்குக் குளிர்வித்து மூடிவிட்டால், மிச்சமிருக்கும் வாயு முழுவதும் சுவரில் உறைந்துபோகும். அழுத்தம் 10⁻¹⁸ மில்லிபார் அளவுக்கு இறங்கும். அதனால்தான் அத்தனை நாள் நின்றது.

துகள் கூடக் கூட என்ன ஆகிறது? எல்லாம் ஒரே மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். ஒரு மைக்ரோகிராம் ஆன்டிபுரோட்டானின் மின்னூட்டம் சுமார் 0.1 கூலும். அப்படி இரண்டு பொட்டலத்தை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் 8,000 டன்னுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமான விசையில் விலகப் பார்க்கும். இதைக் காந்தப்புலம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு பிரில்லுவான் எல்லை என்று பெயர். அதன் சாரம் இதுதான்: அடைபட்ட துகள்களின் நிறைக்குரிய ஆற்றல், ஒரே கன அளவில், காந்தப்புலத்தின் ஆற்றலைத் தாண்டாது. அழியும்போது எதிரே வரும் சாதாரணப் பொருளின் பங்கையும் சேர்த்தால் இரண்டு மடங்கு. அதற்கு மேல் ஒரு துளிகூடக் கிடையாது.

10 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தத்தில் புலத்தின் ஆற்றல் ஒரு கன மீட்டருக்கு 40 மெகாஜூல். எனவே ஆன்டிமேட்டர் தருவது அதிகபட்சம் 80 மெகாஜூல்; லிட்டருக்கு 80 கிலோஜூல். டீசல் லிட்டருக்கு 36 மெகாஜூல். அதாவது 'உலகின் அடர்த்தியான எரிபொருள்', அடைத்துவைத்த நிலையில் டீசலில் 450-இல் ஒரு பங்கு. லித்தியம் பேட்டரிகூட இதைவிடப் பல மடங்கு மேல்.

உங்கள் கலத்துக்கே போட்டுப் பாருங்கள். 770 கிகாஜூலுக்கு, 10 டெஸ்லா புலம் நிரம்பிய 9,700 கன மீட்டர் வேண்டும். அந்தக் காந்தத்துக்குள் மட்டும் 390 கிகாஜூல் இருக்கும். ஐடர் இணைவு உலையின் வளையப் புலச் சுருள்கள் எல்லாம் சேர்த்து 41 கிகாஜூல். அதைப்போல ஒன்பது மடங்குக்கு மேல். காந்தம் தன் புலத்தாலேயே வெடித்து விரியாமல் பிடித்துக்கொள்ள எவ்வளவு உலோகம் என்பதற்கும் ஒரு குறைந்தபட்சம் உண்டு: ஆற்றலை உலோகத்தின் அடர்த்தியால் பெருக்கி, அது தாங்கும் இழுவலிமையால் வகுக்க வேண்டும். 1 கிகாபாஸ்கல் தாங்கும் எஃகு என்றால் 3,000 டன். உங்கள் கலமோ 10 டன்.

புலத்தைக் கூட்டினால் தீருமா? தீராது. புலம் இரட்டித்தால் அதே கன அளவில் அடைபடும் துகள் நான்கு மடங்கு, சுருளின் ஆற்றலும் நான்கு மடங்கு, எஃகும் நான்கு மடங்கு. ஆக, அதே 770 கிகாஜூலுக்குப் பொறியின் அளவு சுருங்கும், எடை அப்படியே நிற்கும்.

---

நீள்வட்டம்:

@குளிர்பொறி பாசிட்ரானுக்கு (எலக்ட்ரானின் எதிர்ப்பொருள் வடிவம்) இந்தச் சிக்கல் இல்லையே. நிறை ஆன்டிபுரோட்டானைவிட 1,836 மடங்கு குறைவு என்பதால் அதே பொறியில் 1,836 மடங்கு எண்ணிக்கை அடைக்கலாம். நாசா வெளியீடு ஒன்றில் 2006-இல், மனிதர்களுடன் செவ்வாய்ப் பயணத்துக்கு 10 மில்லிகிராம் பாசிட்ரான், சுமார் 25 கோடி டாலர் என்று வந்தது. அதோடு, அழியும்போது பாசிட்ரான் தரும் காமா கதிரும் வலு குறைந்தது.

---

குளிர்பொறி:

எண்ணிக்கை 1,836 மடங்கு என்பது சரி. ஆனால் ஒவ்வொன்றும் தரும் ஆற்றலும் 1,836-இல் ஒன்று. எல்லை ஆற்றலுக்கு என்பதால் லிட்டருக்கு அதே 80 கிலோஜூல்தான். மின்னூட்டமோ 1,836 மடங்கு கூடிவிடும். முனைத் தடுப்பு மின்னழுத்தம் அதற்கேற்ப ஏற வேண்டும். ஆற்றல் அளவில் சமமாக நிரப்பும் முன்பே மின்முனைகளுக்கிடையே தீப்பொறி பறந்துவிடும். அந்த வகையில் பாசிட்ரான் இன்னும் மோசம்.

காமா பற்றி நீங்கள் சொன்னது சரியே. பாசிட்ரான் தருவது 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட், 4 மி.மீ. ஈயம் பாதியைத் தடுத்துவிடும். எஞ்சின் அறையில் அது நல்ல செய்தி. கிடங்குக்கு உதவாது. எலக்ட்ரானோடு சேர்த்து பாசிட்ரோனியமாக வைக்கலாம் என்ற யோசனையும் வரும்: நீண்டநாள் வாழும் வகைக்கே ஆயுள் 142 நானோநொடி.

---

வால்நட்சத்திரம்:

அப்படியானால் மின்னூட்டமே இல்லாத ஆன்டிஹைட்ரஜனாக்கி, உறையவைத்து, கட்டியாக வைத்தால்? பிரில்லுவான் எல்லை அங்கே வராதே.

---

குளிர்பொறி:

வராது. காகிதத்தில் இருக்கும் ஒரே வழியும் அதுதான். படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி நடந்துவிட்டது. செர்னின் எலினா வளையம் ஆன்டிபுரோட்டானின் ஆற்றலை 5.3 மெகா எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 100 கிலோவுக்கு இறக்குகிறது. அதற்கு முன்பு மெல்லிய தகட்டில் பாய்ச்சித்தான் வேகத்தைக் குறைத்தார்கள்; நூற்றில் 99-க்கு மேல் தகட்டிலேயே வீணாகும். ஆன்டிபுரோட்டானையும் பாசிட்ரானையும் மெதுவாகக் கலந்தால் ஆன்டிஹைட்ரஜன் பிறக்கும். அதற்கு மின்னூட்டம் இல்லாததால் பென்னிங் பொறி பிடிக்காது. காந்தத் திருப்புத்திறனை (அணு தானே ஒரு குட்டிக் காந்தமாக இருப்பதை) கொண்டு பிடிக்கும் வேறொரு பொறி வேண்டும். அதன் ஆழம் அரை கெல்வின் அளவே. அதைவிடச் சூடான அணு சுவரில் மோதி அழியும். பிறப்பதில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. செர்னின் ஆல்ஃபா குழு 2011-இல் ஆயிரம் நொடி பிடித்துவைத்தது. 2025-இல், லேசரால் குளிர்வித்த பெரிலியம் அயனிகளைக் கொண்டு பாசிட்ரானைக் குளிர்வித்து, ஏழு மணி நேரத்துக்குள் 15,000-க்கு மேல் சேர்த்தார்கள். துறைக்கு அது பெரிய பாய்ச்சல். ஆற்றலாகச் சொன்னால் 4.5 மைக்ரோஜூல்.

இரண்டாவது படி, இரண்டு அணுவைச் சேர்த்து மூலக்கூறாக்குவது. சாதாரண ஹைட்ரஜனில் அப்போது வெளிவரும் 4.5 எலக்ட்ரான்வோல்ட்டை ஒரு மூன்றாவது பொருளோ தூசிப்பரப்போ வாங்கிக்கொள்ளும். இங்கே தொடப் பரப்பு கிடையாது. இதுவரை யாரும் செய்ததில்லை.

மூன்றாவது, கட்டியை மிதக்கவிடுவது. இது ஆச்சரியமாக எளிது. திட ஹைட்ரஜன் காந்தப்புலத்தால் விலக்கப்படும் பொருள். தண்ணீரை மிதக்கவைப்பதைவிட மூன்றில் ஒரு பங்குப் புலச்சரிவு போதும். நெதர்லாந்தின் நெய்மெகனில் 1997-இல் உயிருள்ள தவளையையே 16 டெஸ்லாவில் மிதக்கவிட்டார்கள்.

நான்காவதில்தான் எல்லாம் கவிழ்கிறது. 4.2 கெல்வினில் திட ஹைட்ரஜனின் ஆவியழுத்தம் மிகச் சிறியது என்பார்கள். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் சுவரில் அழிந்தால் ஒரு சதுர செ.மீ. பரப்பிலிருந்து மெகாவாட் கணக்கில் வெப்பம் வரும். ஆகவே 1.5 கெல்வினுக்கு இறக்கியாக வேண்டும். அந்த வெப்பநிலையில் தொடாமல் குளிர்விக்க ஒரே வழி கதிர்வீச்சு. ஒரு சதுர செ.மீ.யிலிருந்து அப்படி வெளியேறக்கூடியது 3 × 10⁻¹¹ வாட், அதுவும் முழுக் கரும்பொருளாக இருந்தால். ஒரே ஒரு ஆன்டிபுரோட்டான் அழிந்தால் வருவதோ 3 × 10⁻¹⁰ ஜூல். அதில் நூற்றில் சில பங்கு கட்டியில் தங்கினாலே, நொடிக்கு ஒருசில அழிவுக்கு மேல் தாங்காது. வழிதவறிய ஹீலியம் அணு, காஸ்மிக் கதிர், கட்டிக்குள்ளேயே மூலக்கூறின் ஆர்த்தோ வடிவம் ஆற்றல் குறைந்த பாரா வடிவமாக மாறும்போது கசியும் வெப்பம், எது வந்தாலும் சூடு, சூட்டால் ஆவி, ஆவியால் சுவரில் அழிவு, அதிலிருந்து திரும்பிவரும் கதிரால் மேலும் சூடு. நிறுத்த வால்வு கிடையாது. 4.3 மில்லிகிராம் ஒரேயடியாகப் போனால் 180 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு மேல்.

---

சுழல்விசை:

மூன்றாம் கேள்வி. கிடங்குச் சிக்கல் தீர்ந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

புரோட்டானும் ஆன்டிபுரோட்டானும் அழியும்போது நேராகக் காமா கதிராகிவிடாது. சராசரியாக ஐந்து பையான் (சீக்கிரமே சிதைந்துவிடும் துகள்) வரும்: மூன்று மின்னூட்டம் உள்ளவை, இரண்டு நடுநிலை. நடுநிலைப் பையான் பிறந்த இடத்திலேயே இரு காமாவாகச் சிதையும், ஒவ்வொன்றும் 200 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவில். மொத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் போகிறது. மின்னூட்டப் பையான் ஒளிவேகத்தில் 0.94 பங்கில் பறந்து, சுமார் 20 மீட்டரில் மியுவான் என்ற வேறொரு துகளும் நியூட்ரினோவுமாக உடையும். அந்த 20 மீட்டருக்குள் அதைப் பிடித்து வேலை வாங்க வேண்டும்.

திட உள்ளக எஞ்சின்: ஆன்டிபுரோட்டானை டங்ஸ்டன் கட்டிக்குள் விட்டு, கட்டியின் துளைகளில் ஹைட்ரஜனை ஓட்டுவது. டங்ஸ்டன் காமாவை நன்றாக விழுங்கும். ஆனால் அது 3,422 டிகிரி செல்சியஸில் உருகும். வெளியேறு வேகம் நொடிக்கு 9-10 கி.மீ.க்குள் நின்றுவிடும். 1973-இல் நிறுத்தப்பட்ட நெர்வா அணு எஞ்சின் திட்டம் யுரேனியத்தை வைத்தே நொடிக்கு 8 கி.மீ.க்கு மேல் தொட்டுவிட்டது. இரண்டிலும் தடை உலோகத்தின் உருகுநிலை. வெப்பம் எதிலிருந்து வருகிறது என்பது பொருட்டே அல்ல. @வால்நட்சத்திரம், உங்கள் 10 கி.மீ./நொடிக்கு @ஊசிமுனை சொன்ன உகந்த வேகம் 6.3தான். எனவே இந்தப் பயணத்துக்கு ஆன்டிமேட்டர் எந்த எஞ்சினிலும் யுரேனியத்தை வெல்லாது. இங்கேயே மூட்டை கட்டிவிடலாம்.

விண்மீன்களுக்குப் போவதென்றால் கதை வேறு. ஒரு டன் கலத்தை ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்குக்குத் தள்ள, இழப்பே இல்லாமல் 3.9 கிலோ ஆன்டிமேட்டர். அங்கே யுரேனியப் பிளவு போதாது. அதற்குத்தான் கற்றை உள்ளக எஞ்சின்: மீக்கடத்து (மின்தடையே இல்லாத) காந்தக் குழல் வழியே பையான்களையே பின்னால் திருப்பிவிடுவது. கீன், ஜாங் இருவரும் 2012-இல் செய்த உருவகக் கணக்கில் பையான்களின் பயனுறு வேகம் ஒளிவேகத்தில் 0.69 பங்கு. அதை அப்படியே ராக்கெட் சமன்பாட்டில் போட்டுவிடக் கூடாது. காமாவாகப் போன நிறையும் எரிபொருள்தானே. அதைச் சேர்த்தால் 0.4-ஐ ஒட்டி இறங்கும்.

இதில் யாரும் கவனிக்காத எண், தள்ளுவிசை. ஒரு கிகாவாட் எரித்தால் ஒன்று, ஒன்றரை நியூட்டன். உள்ளங்கையில் ஓர் எலுமிச்சை அழுத்துகிற அளவு. 10 டன் கலத்தைப் புவியீர்ப்பில் நூற்றில் ஒரு பங்கு முடுக்கத்தில் தள்ள 1,000 நியூட்டன் வேண்டும். சுமார் 800 கிகாவாட். இந்தியாவின் மொத்த நிறுவு மின்திறனைவிட அதிகம். அதில் 250 கிகாவாட்டுக்கு மேல் காமா. நூற்றில் ஒரு பங்கு சுருளில் பட்டாலும் 2.5 கிகாவாட், 20 கெல்வினில் இருக்கவேண்டிய சுருள் அடுத்த கணமே மீக்கடத்தலை இழக்கும். ஆகவே சுருளுக்கு முன்னால் டங்ஸ்டன் நிழல்கவசம். கவசம் விழுங்கிய 2.5 கிகாவாட்டை 1,500 கெல்வினில் வெளியேற்ற, இரு பக்கமும் கதிர்வீசும் தகடு 4,400 சதுர மீட்டர். இதெல்லாம் 10 டன்னுக்குள் அடங்காது. முடுக்கத்தைக் குறைத்துத்தான் கட்ட முடியும். பயணம் அவ்வளவுக்கு நீளும்.

---

ஊசிமுனை:

கலப்பு முறையையும் சொல்லியாக வேண்டும். உருப்படக்கூடியது அது ஒன்றுதான் என்பது என் கருத்து. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 1990-களில் வரைந்த ஐகான்-2 திட்டத்தில் ஆற்றல் முழுக்க அணுக்கருப் பிளவிலும் இணைவிலும் வரும். ஆன்டிபுரோட்டான் திரியைப் பற்றவைக்க மட்டும்: அழுத்திய யுரேனிய உருண்டையில் பாய்ச்சினால் பிளவு தொடங்கிவிடும். செவ்வாய்க்கு 30 நாள் பயணத்துக்கு நூற்றுச்சொச்சம் நானோகிராம் என்று கணக்கிட்டார்கள். ஹௌ, ஜாக்சன் இருவரும் நாசாவின் நியாக் (தொலைநோக்கு யோசனைகளுக்கான) திட்டத்தில் 2002-இல் முன்வைத்த விண்பாய் (பாய்மரக் கப்பலின் பாய் மாதிரி) இன்னும் எளிய வடிவம்: யுரேனியம் பூசிய கார்பன் பாயில் ஆன்டிஹைட்ரஜனைத் தூவுவது. ஆனால் அதற்கு மில்லிகிராம் கணக்கில் வேண்டும், கிடங்கும் அதே திட ஆன்டிஹைட்ரஜன். ஆக, சிக்கல் அப்படியே திரும்பி வருகிறது.

நானோகிராம் என்றால் @குளிர்பொறி சொன்ன எல்லைக்குள்ளேயே அடங்கும். 140 நானோகிராமுக்கு 25 மெகாஜூல். 10 டெஸ்லாவில் கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடம். கனமானதுதான், ஆனாலும் கட்டக்கூடியது. செர்ன் வேகத்தில் அதைச் சேர்க்க 28,000 ஆண்டு என்பது தனிக்கதை.

---

வால்நட்சத்திரம்:

நன்றி. கடைசியாக ஒன்று: புவியின் கதிர்வீச்சு வளையத்தில் இயற்கையாகவே ஆன்டிபுரோட்டான் சிக்கியிருக்கிறதாமே, அதை வலைபோட்டு அள்ள முடியாதா? லாரியில் ஆன்டிமேட்டர் கொண்டுபோவதாகவும் செய்தி வந்தது. அது கிடங்குப் பிரச்சினைக்கு உதவுமா?

---

குளிர்பொறி:

சிக்கியிருப்பது உண்மை. பமேலா செயற்கைக்கோள் கருவி தென் அட்லாண்டிக் மேலே கண்டுபிடித்து 2011-இல் அறிவித்தது: சுமார் 850 நாள் தரவில் 28 ஆன்டிபுரோட்டான். புவியைச் சுற்றி மொத்தம் 160 நானோகிராம் இருக்கலாம் என்பது நியாக் ஆய்வில் பிக்ஃபோர்டின் மதிப்பீடு. ஒன்றுவிடாமல் அள்ளினாலும் 29 மெகாஜூல், முக்கால் லிட்டர் டீசலுக்குச் சற்று மேல். அள்ளும் காந்த வளையத்தை ஏற்றிச்செல்லும் ராக்கெட் எரிப்பது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

லாரி விஷயம் பேஸ் குழுவின் பேஸ்-ஸ்டெப், எடுத்துச்செல்லக்கூடிய பொறி. அக்டோபர் 2024-இல் செர்ன் வளாகத்துக்குள் 70 சாதாரணப் புரோட்டான்களை லாரியில் ஏற்றிச் சுற்றிக்காட்டினார்கள். கருவி ஏறக்குறைய ஒரு டன். நோக்கம் எரிபொருள் சேமிப்பல்ல: முடுக்கிக் கூடத்தில் காந்தப்புலம் அலைபாய்வதால் ஆன்டிபுரோட்டானின் காந்தத் திருப்புத்திறனை இன்னும் துல்லியமாக அளக்க முடிவதில்லை, டுசல்டார்ஃப் மாதிரி அமைதியான ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் அளக்கலாம். அதிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடியது, குலுக்கலிலும் சாய்விலும் காந்தமும் வெற்றிடமும் எவ்வளவு நேரம் தாங்கும் என்ற தரவு. வளாகத்துக்குள் என்றால் பேட்டரியும் தொட்டியிலிருக்கும் திரவ ஹீலியமும் போதும். நெடுஞ்சாலையில் பல மணி நேரம் என்றால் காந்தத்தைக் குளிரவைக்கும் இயந்திரத்துக்கு லாரியிலேயே ஜெனரேட்டர் ஓட வேண்டும்.